மூணாங்கிளாஸ் ரேடியோ

எங்கள் வகுப்பில் ரயில் நின்றுவிட்டால் அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன்.

நிஜ ரயில் இல்லை, வாசிப்பு ரயில். மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சர் ஏற்படுத்தியது. பிள்ளைகள் எல்லோரும் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார வேண்டும். முதலில் இருப்பது இஞ்சின். அது பாடத்தில் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் அடுத்த பிள்ளை அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டு தயாராக இருக்க வேண்டும். தாம்பரத்துக்குப் போகும் மின்சார ரயில் மாதிரி, சத்தம் அறுபடாமல் கடைசிப் பிள்ளை வரை ஓட வேண்டும். "ம, ர, ம், மரம்" என்று எழுத்துக் கூட்டி இழுத்தால் வண்டி மேட்டில் ஏறுகிறது என்று அர்த்தம். என்னிடம் வந்தால் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை; நின்றுவிடும்.

"சிக்னல் விழலே டீச்சர்!" என்று பையன்கள் கூவுவார்கள். அந்த வருஷம் பாதி வரைக்கும் எனக்கு சிக்னல் என்றுதான் பெயர்.

எழுத்து தெரியாமல் இல்லை. குடிசையில் யாரும் இல்லாத நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து ஓரளவு நன்றாகவே வாசிப்பேன். யாராவது என் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எதிரே இருப்பவரின் கண் என் வாயின் மேல் இருக்கிறது என்ற நினைப்பு வந்தவுடன் வரியிலுள்ள எழுத்துகள் கலைத்துவிட்ட எறும்பு மாதிரி ஓட ஆரம்பிக்கும். அந்தக் கூச்சம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அப்போது அது வெறும் கூச்சமாக இருக்கவில்லை. வாசிப்பில் வாய் திறக்காததால் மூன்றாம் வகுப்பிலேயே இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தேன்.

நைனா, அதாவது என் அப்பா, லஸ் முனையில் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கால்வாய்க் கரையோரம் எங்கள் குடிசை, அதன் பின்னால் குதிரைக்கு ஒரு சாய்ப்பு. யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் கார் வைத்திருந்தவர்கள்கூட ஜட்காவில் ஏறினார்கள். ஆனால் கொள்ளும் கிடைக்கவில்லை. ஆகவே யுத்தத்தால் குதிரைக்கு வேலை கூடியதே தவிர வயிறு நிறையவில்லை.

நைனாவின் அக்கா, எனக்கு அத்தை, ஒரு வக்கீல் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பெண் வேண்டும் என்றார்கள். அத்தைக்கு உடனே என் ஞாபகம் வந்துவிட்டது.

"ரெண்டு வருசமா ஒரே கிளாசுல குந்திக்கினு கீது. வாயத் தொறந்து ஒரு வார்த்த படிக்கத் தெரில. இன்னாத்துக்குடா அதுக்குப் பள்ளிக்கூடம்? அங்க சோறு போட்டு, பாவாட சட்டயும் தராங்கோ. என்னாண்ட வுடு, நான் இட்டுக்கினு போறேன்" என்றார்.

நைனா குதிரைக்குப் புல் உதறிக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெட்டரு வராராம் யக்கா. அவரு எதிர்ல படிச்சிட்டா மேல படிக்கட்டும். படிக்கலன்னா நீயே இட்டுக்கினு போ. அப்பறம் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"குதிர படிக்கும், இந்த ஊமக்கோட்டான் படிக்காது" என்றான் என் அண்ணன்.

வழக்கமாக அண்ணன் இப்படிச் சொன்னால் நைனா அவன் தலையில் ஒன்று வைப்பார், அல்லது சிரிப்பார். அன்றைக்கு இரண்டும் செய்யவில்லை.

அந்த வக்கீல் வீட்டுக்கு நான் ஒரு தரம் போயிருக்கிறேன். அப்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்கும் கொல்லைக் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தது. குழந்தை தோளில் சாய்ந்து எப்போதோ தூங்கிவிட்டது. அந்தப் பெண் நடப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

டீச்சருக்கு இருபது வயது இருந்தால் அதிகம். செங்கல்பட்டுப் பக்கம். சைதாப்பேட்டையில் டிரெயினிங் முடித்துவிட்டு, ஒருவர் லீவில் போன இடத்துக்குத் தற்காலிகமாக வந்தவர். சாந்தோமில் ஒரு விடுதியில் தங்கி, தினமும் நடந்தே வருவார். அடிக்கத் தெரியாது. ஹெட்மாஸ்டர் கொடுத்திருந்த பிரம்பைக் கரும்பலகையில் வரி காட்டுவதற்குத்தான் பயன்படுத்தினார். ஹெட்மாஸ்டர் வாசலில் வந்து நின்றால் டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். அதைக் கவனித்தவள் வகுப்பில் நான் ஒருத்திதான். அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு.

ரயிலைத் தவிர அவரிடம் இன்னும் பல வித்தைகள் இருந்தன. ஒரே பத்தியைக் காக்காய் மாதிரி ஒரு தரம், போலீஸ்காரர் மாதிரி ஒரு தரம், குளிர்காய்ச்சல் வந்தவர் மாதிரி ஒரு தரம் வாசிக்கச் சொல்வார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வாசிப்பார்கள். காய்ச்சல்காரர் முறை வருவதற்குள் பத்தி தண்ணீராக ஓடும். ஒரே பத்தியை மூன்று தரம் வாசித்தோம் என்பது யாருக்கும் தோன்றாது. இன்றைக்குக் காக்காய் விளையாட்டு விளையாடினோம் என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள். ஹெட்மாஸ்டர் காதுக்கும் அது அப்படித்தான் போயிற்று.

"என்னம்மா, உங்க கிளாஸ்ல காக்கா கத்தறதாமே?" என்று கேட்டார்.

"வாசிப்பு சார்" என்றார் டீச்சர், இறங்கிய குரலில்.

எந்த வித்தையும் என்னிடம் பலிக்கவில்லை. காக்காயாக இருக்கச் சொன்னால் காக்காயும் ஊமையாயிற்று. டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சாயங்காலம் எல்லோரும் போனபிறகு நான் சிலேட்டைத் துடைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றபடி, கரும்பலகையில் இருந்ததை எனக்குள் வாசித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. மறுநாள் ஒரு கள்ளிப்பெட்டி வகுப்புக்கு வந்தது.

மளிகைக் கடையில் சாமான் வந்த பெரிய கள்ளிப்பெட்டி. அதைப் பக்கவாட்டில் சாய்த்து, திறந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தார். எதிர்ப்பக்கம் ஒரு பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாக்குத் துணியைத் தொங்கவிட்டார். உள்ளே வெளிச்சம் வர, மேலேயும் ஒரு பலகையைக் கழற்றினார். பிறகு சாக்குத் துணிக்கு இரண்டு பக்கமும் பலகையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டார்.

கடற்கரையில் கம்பத்தில் கட்டியிருந்த ரேடியோவில் யுத்தச் செய்தி சொல்வதை நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். அதனால் என்னவென்று சொல்லாமலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. "ரேடியோ டோய்!" என்று குதித்தார்கள்.

ஆனால் டீச்சரின் ரேடியோ கடற்கரை ரேடியோவைவிட உசத்தி. ஒரு வட்டத்தைத் தட்டினால் உள்ளே இருப்பவர் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்றொன்றைத் தட்டினால் வேகமாக வாசிக்க வேண்டும். வாரம் முழுக்க ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போய் வந்தது. என் முறை வந்தபோது நான் தவழ்ந்து உள்ளே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தகத்தின் மேல் மட்டும் வெளிச்சம் விழுந்தது. சாக்கில் வெல்ல வாசனை அடித்தது. ஒரு கண்ணும் என்மேல் இல்லை.

"இது மூணாங்கிளாஸ் ரேடியோ" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையதாக இருந்தது.

வாசித்தேன். எழுத்துக் கூட்டாமல், இழுக்காமல், முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டு, கேள்விக்குறியில் குரலைத் தூக்கி வாசித்தேன். வெளியே யாரோ வேக வட்டத்தைத் தட்டினார்கள். வேகமாக வாசித்தேன். திரும்பத் திரும்பத் தட்டினார்கள். பாடம் முடிந்தும் எனக்கு வெளியே வர மனமில்லை.

வந்தபோது வகுப்பு சிரித்துக்கொண்டிருந்தது. மாட வீதியிலிருந்து வரும் முன்வரிசைப் பெண் எழுந்து நின்று, "டீச்சர், இவ பழத்தைப் போய் பயம்ங்கறா டீச்சர்! வாயப்பயமாம்!" என்றாள்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்குமே பழம் என்பது பயம்தான். மழை மய. கிழவி கெய்வி. ழகரம் புத்தகத்தில் இருக்கும் எழுத்து. வாய்க்குள் வருகிற எழுத்து இல்லை. பயத்துக்கும் பயம் என்றுதான் சொல்வோம். தின்கிற பயம் எது, நடுங்குகிற பயம் எது என்பதில் கால்வாய்க் கரையில் யாருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

டீச்சர் அவளை உட்காரச் சொன்னார். "முதல்ல ஓடட்டும்மா. நாக்கை அப்புறம் மடிச்சுக்கலாம்" என்றார்.

அதன் பிறகு நான் ரேடியோவுக்குள் போனால் வேறு ஆளாகிவிடுவேன். யாராவது பலமாகத் தட்டினால் உள்ளேயிருந்தே அதட்டுவேன். வெளியே வந்தால் மறுபடி சிக்னல். பெட்டிக்குள் வாசித்த அதே பத்தியை வெளியே நின்று வாசிக்கச் சொன்னால் முதல் வார்த்தையிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. டீச்சர் ஒவ்வொரு நாளும் சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தார். ஒரு சாண் வரைக்கும் நான் தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அதற்குள் இன்ஸ்பெக்டர் வரும் நாள் வந்துவிட்டது.

அது வெள்ளிக்கிழமை. இன்ஸ்பெக்டர் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் நல்லபடியாக எழுதினால்தான் பள்ளிக்கூடத்துக்கு சர்க்கார் கிராண்ட் வரும் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். கிராண்ட் என்றால் ஏதோ தின்பண்டம் என்று நான் நினைத்திருந்தேன். ஹெட்மாஸ்டர் விடியலிலிருந்தே வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கள்ளிப்பெட்டியை மத்தியானத்துக்குள்ள வெளியில போட்டுடணும். கிளாஸா, கிடங்கா?" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரே ஒரு தடவை படிச்சிட்டு எடுத்துடலாம்" என்றார் டீச்சர் என்னிடம். "இன்னிக்கு உள்ள படி. அதே குரலை எடுத்துக்கிட்டு வெளிய வந்துடு. என்ன?"

குரல் எடுத்துக்கொண்டு வருகிற சாமான் இல்லை என்று எனக்குத் தோன்றியது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

வாசிக்க ஆரம்பித்தேன். வெளியே வழக்கமான சலசலப்பு. பாதியில் திடீரென்று சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. எல்லோரும் எழுந்து நிற்கிற மாதிரி பாவாடைகளும் பலகைகளும் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. இத்தனை நாளில் இவ்வளவு நிசப்தமாக என் வாசிப்பை யாரும் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாகிவிட்டது. குரலை இன்னும் தூக்கினேன்.

பலகையில் டக் டக் என்று தட்டும் சத்தம் வந்தது. விரலால் தட்டியதில்லை, குச்சியாலோ பென்சிலாலோ தட்டியது. விளையாட்டில் அது விதி மீறல். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு உள்ளேயிருந்தே, "எவன்டா அது கட்டையால தட்றது? ரேடியோ ஒட்ஞ்சிபூடும். கம்முனு குந்திக்கினு கேளு!" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது.

சாக்குத் துணி மேலே போனது. மூக்குக்கண்ணாடியும் ஜரிகைத் தலைப்பாகையுமாக ஒரு பெரிய முகம் குனிந்து என்னைப் பார்த்தது. அதற்குப் பின்னால் ஹெட்மாஸ்டரின் முகம். அது சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"ஓஹோ, இதுதான் ரேடியோவா?" என்றது பெரிய முகம்.

"அது சும்மா விளையாட்டு சார். இதோ எடுத்துடறோம் சார்" என்றார் ஹெட்மாஸ்டர்.

நான் தவழ்ந்து வெளியே வந்து வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டேன். மத்தியானம் வரவேண்டியவர் காலையிலேயே வந்துவிட்டார், அவ்வளவுதான் நடந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் ஒரு பையனை வாசிக்கச் சொன்னார். அவன் வரியில் விரலை ஓட்டிக்கொண்டு கணீரென்று வாசித்தான். நடுவில் இன்ஸ்பெக்டர் எட்டி அந்தப் பக்கத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார். பையன் கவனிக்காமல் அவர் கைமேலேயே விரலை ஓட்டி இன்னும் இரண்டு வரி வாசித்தான்.

"பேஷ்" என்றார் இன்ஸ்பெக்டர். "என் கையிலகூட பாடம் அச்சடிச்சிருக்கு போலிருக்கு."

ஹெட்மாஸ்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"எல்லாம் உருப்போட்டதுதானா? அந்த ரேடியோவைக் கூப்பிடுங்கோ. அதுவும் உருப்போட்டதான்னு பார்த்துடலாம்." அவர் தன் தோல்பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். நாங்கள் யாரும் பார்த்திராத புத்தகம்.

நான் வகுப்பின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டேன். புத்தகத்தை என் கையில் கொடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். அவருடைய கண் என் வாயின் மேல் இருந்தது. ஹெட்மாஸ்டரின் கண் இருந்தது. பிள்ளைகளின் கண்கள் எல்லாம் இருந்தன. எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

"படி" என்றார்.

நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஏன், ரேடியோ ரிப்பேரா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். "சார், கொஞ்சம் கூச்ச சுபாவம். பெட்டிக்குள்ளயே உக்காந்து படிக்கட்டுமா சார்?"

"நன்னாயிருக்கே! நாளைக்கு இவ ஊர்ல எங்க போனாலும் பெட்டியைத் தூக்கிண்டே போவாளா? வெளியில நின்னு படிக்கட்டும்."

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. புத்தகத்தில் மேல் வரி மட்டும் தெரிந்தது. அது வரியாக இல்லை, கிணற்றடி மாதிரி இருந்தது. அந்தப் பெண் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் குழந்தை கனத்தது. அத்தை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"போறும், அடுத்த…" என்று இன்ஸ்பெக்டர் சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது டீச்சர் நடந்து வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். என்னைப் பார்த்தபடி, மிகவும் பக்கத்தில். நான் அவர் இடுப்பு உயரம்தான் இருப்பேன். என் கண்ணுக்கு முன்னால் நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் இல்லை, ஹெட்மாஸ்டர் இல்லை, பிள்ளைகள் இல்லை. தப்பாக வாசித்தால் கிள்ளுவதற்குத்தான் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். முந்தைய வருஷத்து வாத்தியார் அப்படித்தான் நிற்பார்.

"இது மூணாங்கிளாஸ் ரேடியோ" என்றார் டீச்சர், எனக்கு மட்டும் கேட்கும்படி.

எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

"ஆற்றங்கரையில் ஒரு மரம் இருந்தது" என்று வாசித்தேன். "அந்த மரத்தின் உச்சியில் ஒரு பயம் இருந்தது. பயத்தைப் பார்த்த குரங்கு மரத்தில் ஏறியது. அது ஏற ஏறக் கிளை ஆடியது. ஆனாலும் குரங்கு பயத்தை விடவில்லை!"

ஆச்சரியக்குறி இருந்த இடத்தில் குரலை ஏற்றினேன். முன்வரிசைப் பெண் களுக்கென்று சிரித்தாள். அவளைத் தொடர்ந்து வகுப்பே சிரித்தது.

புடவைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. "சித்த நிறுத்து. மரத்து உச்சியில என்ன இருந்ததுன்னு சொன்னே?"

"பயம் சார்."

"பயத்தைப் பார்த்தா குரங்கு ஓடின்னா போகணும்? ஏன் ஏறித்து?"

என்ன கேள்வி இது என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு பெரிய தலைப்பாகை வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியாதா?

"துன்றதுக்கு சார்" என்றேன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. டீச்சரின் வயிறு ஒரு தரம் குலுங்கி நின்றது, சிரிப்பாலோ வேறெதனாலோ தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் ஹெட்மாஸ்டரிடம் ஏதோ சொன்னார். பேனா காகிதத்தில் ஓடியது. நாற்காலி நகர்ந்தது. டீச்சர் விலகி நின்றபோது அவர்கள் வகுப்பை விட்டுப் போயிருந்தார்கள்.

பாஸா பெயிலா என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டீச்சரையும் ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சிரித்தார்கள், அதனால் பெயில் என்று தீர்மானித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அத்தை எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். என்னுடைய இன்னொரு பாவாடை மடித்து அவர் மடியில் இருந்தது.

"இன்னாச்சி? படிச்சியா?" என்றார் நைனா.

நின்றேன்.

"பாஸா, பெயிலா? வாயத் தொறந்து சொல்லு கண்ணு."

எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? "தெரில" என்று சொல்லக்கூட நாக்கு புரளவில்லை. அத்தை பாவாடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அதான் மூஞ்சிலியே எழ்தி ஒட்டிகீதே. கெளம்புடி."

"இரு யக்கா" என்றார் நைனா. "அந்த டீச்சரம்மா வாயால கேக்காம நான் அனுப்ப மாட்டேன். காலைல வண்டி கட்டிக்கினு போய்க் கேட்டுட்டு வரேன். அப்பால இட்டுக்கினு போ."

அத்தை பாவாடையைத் திரும்ப வைக்கவில்லை. கையோடு கொண்டுபோனார்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள். நைனா ஜட்காவை வாசலில் நிறுத்திவிட்டு, தலைக்கட்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். நான் அவர் காலுக்குப் பின்னால் நின்றேன். ஹெட்மாஸ்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது; உள்ளே பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது.

"இன்ஸ்பெக்டர் கோச்சுக்கலைன்னா ஆச்சா? நாளைக்கு ஸ்கூல் மேனேஜர் என்னைக் கேட்பாரே! இன்ஸ்பெக்டருக்கு முதுகைக் காட்டிண்டு நின்னா என்னம்மா அர்த்தம்? முதுகை!"

அதற்கு டீச்சர் சொன்ன பதில் கேட்கவில்லை. மறுபடியும் முதுகு என்று ஏதோ வந்தது. டீச்சருக்கு முதுகில் என்ன என்று எனக்குக் கவலையாகிவிட்டது. நேற்று வெகு நேரம் எனக்காக அசையாமல் நின்றார்களே, பிடித்துக்கொண்டிருக்கும்.

கதவு திறந்து டீச்சர் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. அத்தைக்கும் இடுப்பு வலி வந்தால் அப்படித்தான் இருக்கும்.

நைனா கும்பிட்டார். "டீச்சரம்மா, பாப்பா இன்னாச்சுன்னு சொல்ல மாட்டேன்து…"

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு, "உங்க பொண்ணு பாஸுங்க. வருஷம் முடிஞ்சதும் நாலாம் கிளாசு. உருப்போடாம படிச்சது இவ ஒருத்திதான்னு இன்ஸ்பெக்டரே எழுதிட்டுப் போயிருக்கார்" என்றார்.

நைனா என் தலையில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. வக்கீல் வீடு, கிணற்றடி, குழந்தை எல்லாம் அந்தக் கைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

"வண்டி சவாரிக்கு வருமாங்க?" என்று டீச்சர் கேட்டார். "சாந்தோம்ல சாமான் இருக்கு. எடுத்துக்கிட்டு மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகணும். செங்கல்பட்டு வண்டி பிடிக்கணும்."

"லீவாம்மா?"

"ஆமாங்க" என்றார் டீச்சர். "லீவுதான்."

விடுதியிலிருந்து டிரங்குப் பெட்டியும் சுருட்டிய படுக்கையும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வந்தன. நைனா அந்த ஸ்டவ்வைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டிக்குள் புல்லைத் தட்டிச் சமமாக்கி, அதன் மேல் பாயை விரித்தார். வழி நெடுகக் குதிரையைத் திட்டாமல் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை.

பேசியவள் நான். டீச்சர் எங்கள் வண்டியில், என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். வகுப்பில் இதை யாரும் நம்பப் போவதில்லை. தேனாம்பேட்டை தாண்டும்வரை கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தேன். எழுத்துக் கூட்டவில்லை. வண்டி ஓடுகிற வேகத்துக்கு வாசித்தேன். ரோடில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது. பனகல் பார்க் ஓரத்தில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"நைனா, மெள்ள ஓட்டு. டீச்சருக்கு முதுகு நோவுது" என்றேன்.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். வெகு நேரம் சிரித்தார். நைனாதான் சிரிக்கவில்லை, கடிவாளத்தை இழுத்து, மாம்பலம் வரைக்கும் நடையிலேயே ஓட்டினார்.

ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியை நைனாவே தலையில் தூக்கிப்போய் வைத்தார். திரும்பி வந்ததும் இரண்டு கைகளாலும் குதிரையின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். டீச்சர் சில்லறையை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்குவதற்கு ஒரு கையாவது காலியாக வேண்டுமே. அந்த வார் சரியாகவே ஆகவில்லை.

"அடுத்த பாடம் எது டீச்சர்?" என்று கேட்டேன்.

"மிச்சப் பாடம் எல்லாத்தையும் நீயே படிச்சுடு" என்றார்.

எல்லாப் பாடத்தையுமா என்று மலைப்பாக இருந்தது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பாதிப் புத்தகத்தை வாசித்து முடித்தேன். திங்கட்கிழமை டீச்சர் வருவதற்குள் வகுப்புக்குப் போய்விட வேண்டும் என்று விடிந்ததும் விடியாததுமாக எழுந்து கிளம்பினேன். நைனா குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு சீக்கிரம் எங்கே என்று அவர் கேட்கவில்லை.